மூடி வைத்தால் இருக்கும் என்று நினைத்தேன்

ரகு,

நீ அனுப்பிய புது லேப்டாப் நேற்று வந்து சேர்ந்தது. கீழே கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி கார்டு பையாவே மேலே தூக்கிக்கொண்டு வந்து, "மாதாஜி, பேட்டே நே பேஜா ஹை" என்று, பிள்ளை அனுப்பியதை என்னைவிடச் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். பெட்டியை நான் பிரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் அப்பா உட்கார்ந்த இடத்துக்கு எதிரில், உன் நாற்காலியில் அப்படியே வைத்திருக்கிறேன். சாயங்காலம் நீ போன் செய்து, "இதுல எல்லாமே தானா சேவ் ஆயிடும்மா, நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றாய். நான் "அச்சா" என்றேன். பிறகு, ஆபீஸில் வேலை முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை குர்கானிலிருந்து நேராக ஏர்போர்ட்டுக்குப் போய்விடுகிறேன், வீட்டுக்கு வர முடியாது போலிருக்கிறது என்றாய். கனடாவுக்குப் போகிற பிள்ளைக்கு, டெல்லி ஏர்போர்ட்டை ஒட்டி துவாரகாவில் இருக்கிற நம் வீட்டுக்கு வர நேரம் இல்லை. அதற்கும் நான் "அச்சா" என்றுதான் சொன்னேன். போனை வைத்த பிறகு என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தமிழில் எழுதுகிறேனே என்று முகம் சுளிக்காதே. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, போகப் போகத் தெரியும். முன்பு நாம் இருந்த கோல் மார்க்கெட் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் உன்னைப் பிடித்து உட்காரவைத்துத் தமிழ் சொல்லிக்கொடுப்பேன். வெளியே உன் சிநேகிதர்கள் பேட்டும் பந்துமாக நின்று கத்துவார்கள். நீ "ஜல்தி மா, ஜல்தி" என்று பறப்பாய். அந்த அரைகுறைப் படிப்பு இன்றைக்குத்தான் உதவப்போகிறது. நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே படி, அவசரமாகப் படிக்கிற சமாசாரம் இதில் எதுவும் இல்லை.

நானும் அப்பாவும் ஒரே மினிஸ்ட்ரியில் வேலை பார்த்தோம் என்பது உனக்குத் தெரியும். என்ன வேலை பார்த்தேன் என்று நீ கேட்டதே இல்லை. ஸ்டெனோ என்றால் டைப் அடிப்பவள், அவ்வளவுதானே என்று நினைத்திருப்பாய். அப்பா அப்போது செக்‌ஷன் ஆபீசர். ஷார்ட்ஹாண்டில் எழுதிக்கொண்டு பிறகு டைப் அடிப்பதுதான் முறை. அதற்கெல்லாம் அவருக்குப் பொறுமை கிடையாது. அறைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு போவார், நான் நேராக மிஷினிலேயே அடிப்பேன். அந்த மாதிரி அடித்துப் பழகியவர்களுக்கு ஒரு குணம் வந்துவிடும். காதில் விழுவது விரலுக்குப் போய்விடும், நடுவில் எங்கேயும் தங்காது. அர்த்தத்தைக் கவனிக்க ஆரம்பித்தால் விரல் தடுமாறும். பெரிய பெரிய விஷயங்களையெல்லாம் என் கையால் அடித்திருக்கிறேன், சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அதில் ஒரு வரி சொல் என்றால் சொல்லத் தெரியாது. "இவகிட்ட ரகசியம் எதுவும் நிக்காது, அதனாலதான் கவர்மெண்டு நம்புது" என்று அப்பா கேலி செய்வார். கல்யாணத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்ட கேலி அது.

டைப்ரைட்டரில் இன்னொரு சௌகரியம். அடித்தது அடித்ததுதான். எழுத்து விழுந்த மாத்திரத்தில் அது தாளில் இருக்கிறது. பாதிப் பக்கத்தில் வீட்டுக்குக் கிளம்புகிற நேரம் ஆகிவிட்டால் தாளை உருளையிலேயே விட்டுவிட்டு, மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு வருவோம். மறுநாள் உறையை எடுத்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். நீ பிறந்ததும் நான் வேலையை விட்டுவிட்டேன். எங்கள் செக்‌ஷனுக்குக் கம்ப்யூட்டர் வந்தது அதற்கப்புறம்தான். கத்துக்குட்டியாகவாவது அதைக் கற்றுக்கொண்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே வந்திருக்காது.

போன வருஷம் ஹோலிக்குப் பிறகு, அப்பாவின் குரல்வளையை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று சொல்லி டாக்டர் தேதி கொடுத்தார். அதுவரைக்கும் வேண்டியதைப் பேசிக்கொள்ளுங்கள் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை, வேறு எப்படிச் சொல்வது? ஆட்டோவில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அப்பா கேட்டார்.

"மிஷின் இருக்காட்டி?"

நாற்பது வருஷம் டெல்லியில் இருந்தும் அவருடைய திருநெல்வேலி போகவில்லை. என்ன மிஷின் என்றேன். "பையனுக்கு ஒரு நோட் போடணும்" என்றார். போனில் பேசிப் பதிவு செய்துவிடலாமே என்றதற்கு, "இந்தத் தவளச் சத்தத்தையா அவன் வச்சுக் கேட்டுட்டு இருக்கணும்? வேண்டாம்ட்டி. நீ அடி, நான் சொல்லுதேன்" என்றார். உன் காலேஜ் லேப்டாப் பரணில் கிடந்தது. உனக்குப் போன் செய்து, வெறும் வெள்ளைத் தாள் மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டேன், நீ நோட்பேடைத் திறக்கச் சொல்லிக்கொடுத்தாய். எதற்கு என்று கேட்டாய், பொழுது போகத்தான் என்று சொல்லிவைத்தேன். அப்பா அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்.

தினமும் காலையில் டீ குடித்துவிட்டு ஆரம்பிப்போம். கொஞ்ச தூரம் நடப்பார், மூச்சு வாங்கினால் உட்காருவார், மறுபடி எழுந்து நடப்பார். ஆபீஸ் பழக்கம், இங்கிலீஷில்தான் சொன்னார். நீ படிப்பதற்கும் அதுதான் சுலபம் என்றார். அன்றைக்குப் போதும் என்றதும் நான் டைப்ரைட்டருக்கு உறை போடுகிற மாதிரி லேப்டாப்பின் மூடியை மூடிவிடுவேன். மறுநாள் திறந்தால் விட்ட வரியிலேயே அந்தச் சின்னக் கோடு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். சார்ஜர் எப்போதும் சொருகியே இருந்தது. கரண்ட் போனாலும் சொசைட்டி ஜெனரேட்டர் வந்துவிடும். முதல் வாரத்திலேயே ஒருநாள் அழிந்து தொலைத்திருந்தால் அன்றைக்கே புத்தி வந்திருக்கும். அழியவே இல்லை. பக்கங்கள் சேர்ந்துகொண்டே போயின.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் நான் ஒருதரம் என் வாயால் சொல்லவேண்டும். ஆபரேஷன் முடிந்து அப்பா வார்டில் இருந்தார். குழந்தைகள் எழுதி அழிக்கிற ஸ்லேட் ஒன்றை அவருக்கு நீதான் வாங்கிக் கொடுத்திருந்தாய். அதில் அவர் எனக்கு 'பக்கங்கள்' என்று எழுதிக் காட்டினார். அச்செடுத்துக் கொண்டுவந்தால் படுத்தபடியே பேனாவால் திருத்தலாம் என்று அவர் நினைப்பு. நான் குளிக்க வீட்டுக்கு வந்தபோது லேப்டாப்பைத் திறந்தால் அம்பு நகரவில்லை. நீ ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தாய். கையில் டிபன் கேரியர். "ரகு, இது ஹேங் ஆயிடுச்சு, பாரேன்" என்று கூப்பிட்டது நான்தான். நீ கேரியரைக்கூடக் கீழே வைக்கவில்லை. குனிந்து அந்தப் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாய். திரை அணைந்து, பிறகு பளிச்சென்று வந்தது.

"லோ மா, ஹோ கயா, சரியாயிடுச்சு. எந்த ஃபைல் வேணும்?"

"அந்த வெள்ளைத் தாள்."

"என்ன பேர்ல சேவ் பண்ணே?"

"பேரா?"

உன் முகம் அப்போது மாறியதை நான் பார்த்தேன். அதற்குமுன் ஒரே ஒருதரம் உன் முகம் அப்படி ஆனதைப் பார்த்திருக்கிறேன். கோல் மார்க்கெட்டில் பக்கத்து வீட்டு நாய்க்குட்டி கேட்டுக்கு வெளியே போனபோது, கேட்டைத் திறந்துவிட்டது நீதான் என்று உனக்குத் தெரிந்த அந்த நிமிஷத்தில்.

நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாய். ஹார்ட் டிஸ்கில் எழுதியது அழிந்திருந்தால் தோண்டி எடுக்கலாம், இது அங்கே போய்ச் சேரவே இல்லையே என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். திரும்பி வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு விளக்கினாய். "மெமரி ஒரு மேஜை மாதிரிமா. வேலை நடக்கிறவரைக்கும் எல்லாம் மேஜைமேல இருக்கும். ஸ்டோரேஜ்ங்கறது அல்மாரி. சேவ் பண்றதுன்னா மேஜைலேருந்து எடுத்து அல்மாரில வைக்கிறது. கரண்ட் போனா மேஜை காலியாயிடும், அல்மாரில இருக்கிறது அப்படியே இருக்கும்." நான் கேட்டேன், "அப்போ மூடி மூடித் திறந்தேனே, எப்படி இருந்துது?" நீ சொன்னாய், "மேஜைமேல துணியைப் போட்டு மூடியிருந்தே, அவ்வளவுதான். உள்ள கரண்ட் ஓடிக்கிட்டே இருந்துது." இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிவிட்டு நீ முகத்தை மூடிக்கொண்டாய். நான் உன் தலையைத் தொட்டேன். நீ நகர்ந்துகொண்டாய்.

அப்பாவிடம் நீயே போய்ச் சொன்னாய். நான் சொல்கிறேன் என்றதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, குற்றவாளி மாதிரி முழுவதையும் சொன்னாய். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்லேட்டைத் தொடவில்லை. அந்தக் கண் மூடலைத்தான் நீ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாய், இல்லையா? அப்பா என்னை மன்னிக்கவில்லை என்று நீ என்னிடம் ஒருநாள் இங்கிலீஷில் சொன்னாய். அப்படியெல்லாம் இல்லடா என்றேன், என்னைத் தேற்றத்தான் சொல்கிறாய் என்று நீ போனை வைத்துவிட்டாய். அன்றைக்கு நீ வெளியே போன பிறகு வார்டில் அவரிடம் கேட்டேன், வருத்தமா என்று. கையை மெதுவாக வெளிப்பக்கமாக அசைத்தார், ஈயை விரட்டுகிற மாதிரி. அப்புறம் ஸ்லேட்டில் 'ஜூஸ்' என்று எழுதினார். நடந்தது அவ்வளவுதான், இதில் சேர்த்ததும் இல்லை, குறைத்ததும் இல்லை.

திரும்ப எழுதட்டும் என்று நீ கட்டுக் காகிதமும் பேனாவும் வாங்கி வைத்தாய். அவரால் முடியவில்லை. வாழ்நாள் முழுக்க நடந்துகொண்டு வாயால் சொல்லியே பழகிய மனிதர், பேனாவைப் பிடித்தால் 'தண்ணீர்', 'ஃபேன்' என்பதற்குமேல் வரவில்லை. குளிர் வந்தது, கூடவே டெல்லிப் புகையும் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, போய்விட்டார். நீ எல்லாக் காரியத்தையும் ஒழுங்காகச் செய்தாய். ஒரு சொட்டு அழவில்லை. வந்தவர்களெல்லாம் எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்றார்கள். அதற்கப்புறம் நீ இந்த வீட்டுப் படி ஏறவில்லை. பருப்பு வருகிறது, மருந்து வருகிறது, ஏசி ரிப்பேர்க்காரர் வருகிறார், இப்போது லேப்டாப் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் நீதான் அனுப்புகிறாய். நீ வருவதில்லை.

காரியங்கள் முடிந்த மறுநாள் நீ என்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா? "நீதானேம்மா அடிச்சே, என்ன சொன்னாருன்னு உனக்கு ஞாபகம் இருக்குமே?" நான் அடுப்பு வேலையாக எழுந்து போனேன். நீ என்ன நினைத்தாயோ. எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. ரகு, எனக்கு ஒன்றுமே நினைவில்லை. ஒரு ரயில் வந்தது, கரோல் பாகில் ஒரு மாடியறை வந்தது, யாரிடமோ இரவல் வாங்கிய ரஜாய்ப் போர்வை ஒன்று வந்தது. அவ்வளவுதான் தங்கியிருக்கிறது. எத்தனையோ நாள் அதே நேரத்துக்கு டீயைக் குடித்துவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து, மூடிய லேப்டாப்பின்மேல் விரலை வைத்துக்கொண்டு பார்த்துவிட்டேன். கமா, ஃபுல்ஸ்டாப், நெக்ஸ்ட் பாரா என்று அவர் சொன்னதெல்லாம் வருகிறது, நடுவில் இருந்தது வரவில்லை. கட்டின புருஷன் உயிர் போகிறதுக்கு முன்னால் தன் கதையைச் சொல்லியிருக்கிறார், நான் அதை ஆபீஸ் காகிதம் மாதிரி விரல் வழியாக விட்டுவிட்டேன். நல்ல ஸ்டெனோ என்று பெயர் வாங்கியவள். அன்றைக்கு நீ பட்டனை அழுத்தினதால் மட்டும் அது போகவில்லை என்று நீ தெரிந்துகொள்வதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். எதிரில் உட்கார்ந்து கேட்ட என்னிடமே அது தங்கவில்லை.

இப்போது தமிழுக்கு வருகிறேன். அப்பா சொல்லிக்கொண்டே வருகிறவர், அடிக்கடி நடுவில் நிற்பார். அவர் நின்றதும் என் விரல் தானாக மேலே எழுந்துவிடும். அந்த இடைவெளியில் தமிழில் ஏதாவது சொல்வார். அது உன் நோட்டுக்காக இல்லை, சும்மா என்னிடம் பேசியது. அதை நான் அடிக்கவில்லை. அடிக்காததால்தானோ என்னவோ, அதெல்லாம் ஒன்றுவிடாமல் என்னிடம் இருக்கிறது. எந்த ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார் என்பதுகூட இருக்கிறது. இதை நான் கண்டுபிடித்தது போன மாதம்தான். பால்கனியைக் கழுவும்போது ஏசி பெட்டிமேல் புறா உட்கார்ந்திருந்தது. திடீரென்று அவர் குரல் கேட்டது. "ஏட்டி, இந்தப் புறா தெனமும் வந்து உக்காந்து கேட்டுட்டுப் போகுது. வாடகை கேளு." வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது.

ஒருநாள் உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு, "தொண்டதாம்ட்டி போகப் போகுது, நாக்கு இருக்குல்லா, உப்பு போடு" என்றார். இன்னொரு நாள் அந்த மரூன் ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டு, எனக்குத் தொளதொளவென்று இருக்கிறது, அவனுக்குக் கொடுத்துவிடு என்றார். துவைத்து வைத்திருக்கிறேன், உன்னுடைய கனடாக் குளிருக்கு அது போதாதுதான், இருந்தாலும் எடுத்துப் போ. இன்னொன்று. ஸ்கூலிலிருந்து உன்னை ஸ்கூட்டரில் கூட்டி வருவாரே, அதைப் பற்றி. "பின்னால உக்காந்தவன் அப்படியே என் முதுகுல சாஞ்சு தூங்கிருவான். விழுந்துரக் கூடாதுன்னு அவன் ரெண்டு கையையும் முன்னால இழுத்து ஒரு கையால புடிச்சுக்கிட்டே மந்திர் மார்க் ரோடு பூரா மெதுவா ஓட்டிட்டு வருவேன். பின்னால பஸ்காரன் ஹார்ன் அடிப்பான், வையுவான். உன்கிட்ட சொன்னா ஸ்கூட்டர்ல அனுப்ப மாட்டேன்னுருவ, அதான் சொல்லல." இதை அடிக்கட்டுமா என்று கேட்டேன். "சே, இதையெல்லாமா அடிப்பாங்க" என்று சிரித்தார். சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது.

போகிற ஊரில் உனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்வார்கள் என்றாய். அவர்களில் யாராவது ஒன்றைத் தொலைத்துவிட்டு முகம் வெளுத்து வந்து நின்றால், சேவ் பண்ணலையா என்று முதலில் கேட்காதே. முதலில் உட்காரச் சொல். உதவி செய்யக் குனிந்தவன் கையிலும் சாமான் உடையும். அதற்காகக் கையை ஆயுசுக்கும் கட்டிப்போட்டுக்கொள்ள முடியுமா? நீ கட்டிப்போட்டுக்கொண்டிருக்கிறாய். எனக்கு அது தாங்கவில்லை.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதையெல்லாம் எழுதப்போவதில்லை, மிரட்டல் என்றே வைத்துக்கொள். வந்தால் சொல்வேன். இப்போதைக்கு எல்லாம் என் மேஜைமேல்தான் கிடக்கிறது, நீ சொன்ன அந்த மேஜை. போன வாரம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு லிஃப்டில் கீழே இறங்கிவிட்டேன், எதிர் ஃப்ளாட் நேகி ஜி வீட்டம்மா ஓடிவந்து அடுப்பை அணைத்தார். உள்ளே எத்தனை நாளைக்குக் கரண்ட் ஓடும் என்று எனக்குத் தெரியாது. எடுத்து வைக்க எனக்கு இருக்கிற ஒரே அல்மாரி நீதான். இந்தக் கடிதத்தைக்கூட நேகி ஜி கையில்தான் கொடுத்தனுப்புகிறேன், அவரும் குர்கானுக்குத்தான் வேலைக்குப் போகிறார்.

ஒன்றை மட்டும் இங்கேயே எழுதிவிடுகிறேன், நீ வராமலே போய்விட்டால் இதாவது உன்னோடு வரட்டும். ஆபரேஷனுக்கு முந்தின நாள். குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. எனக்குக் கை வலித்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. "இவ்வளவு நீளத்துக்குச் சொல்றீங்களே, இதையெல்லாம் அவன் உக்காந்து படிப்பானா?" என்று கேட்டுவிட்டேன். அப்பா நடப்பதை நிறுத்தினார். என் விரல் எழுந்துவிட்டது. அவர் உன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"படிக்க மாட்டாம்ட்டி. வேலைக்குப் போற பிள்ளைக்கு எங்க நேரம்? சொல்லும்போது அவன் இதுல உக்காந்து கேட்டுட்டு இருக்க மாதிரி இருக்குல்லா, அதுக்குத்தான் சொல்லுதேன்."

இதை எழுதிவிட்டு எழுந்து போய், லேப்டாப் பெட்டியை அல்மாரியில் எடுத்து வைத்துவிட்டேன். நாற்காலி காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏர்போர்ட் போவதற்கு முன்னால் வந்து, கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்துவிட்டுப் போ.

அம்மா